கேட்டுட்டுத்தானே செஞ்சோம்!

சில வீடுகளில் ஒரு உபசாரம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க?" என்பார்கள். பார்க்கக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால், கேள்வி இல்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்தவனும், "ஆமாமா, இப்பத்தான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான். நாளைக்குப் பேச்சு வந்தால், "நாங்க கேட்டோமே, அவர்தான் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளாட்சி அமைப்புகள் ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் லட்சணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அணுமின் நிலையம், அணைக்கட்டு என்றால் கூட்டம், கோஷம், டி.வி. கேமரா எல்லாம் வந்துவிடும். அதிகாரிகளும் கொஞ்சம் உஷாராக இருப்பார்கள். வீட்டு வாசலில் காரை யார் நிறுத்தலாம், எத்தனை மணி வரை நிறுத்தலாம் என்பது மாதிரி அற்ப விஷயத்துக்கு எந்த கேமராவும் வராது. அங்கேதான் நிஜக் குணம் தெரியும்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடப்புத்தகம் லண்டன். 1958 ஜூலையில் மேஃபேர் பகுதியின் க்ரோவ்னர் சதுக்கத்தில் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

வடக்கு லண்டனில் இருக்கும் என் பி.காம். வகுப்புத் தோழன் ஒருவன், தன் வீட்டுக்கு வந்த படிவம் ஒன்றை போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். 'உங்கள் தெருவில் பார்க்கிங் கட்டுப்பாடு கொண்டுவருவது குறித்து உங்கள் மேலான கருத்து' என்கிற தோரணையில் நாலு பக்கம். முதல் கேள்வி, உங்கள் தெருவில் கார் நிறுத்துவது சிரமமாக இருக்கிறதா? இரண்டாவது, கட்டுப்பாடு வேண்டுமா? மூன்றாவது, வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, ஒருவேளை வந்தால் எந்த நேரம் உங்களுக்கு வசதி?

"டேய், இந்த மூணாவது கேள்வியைப் பார்த்தியா? கல்யாணமே வேண்டாம்கிறேன், முகூர்த்தம் காலையிலயா சாயங்காலமாங்கிறான்!" என்று அவன் ஒரு குறிப்பும் எழுதியிருந்தான். (கல்லூரியில் அக்கவுன்டன்ஸியில் கோட்டை விட்டவன். தமிழில் மட்டும் கெட்டிக்காரன்.)

லண்டன் சமாசாரம் தெரியாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். லண்டன் என்பது ஒரே மாநகராட்சி இல்லை. 32 பரோக்கள், அதுபோக பழைய சிட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி கவுன்சில். தெருவில் கார் நிறுத்துவது அந்தந்த கவுன்சிலின் ராஜ்ஜியம். ஒரு பகுதியை 'கன்ட்ரோல்ட் பார்க்கிங் ஸோன்' என்று அறிவித்துவிட்டால், குறிப்பிட்ட நேரத்தில் அங்கே நிறுத்த அந்தத் தெருக்காரர்களே வருடத்துக்கு ஒரு தொகை கட்டி பெர்மிட் வாங்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி காரில் வந்தால் அதற்குத் தனியாக வவுச்சர். இல்லையென்றால் அபராதம்.

'என் வீட்டு வாசலில் நிறுத்த நான் காசு கட்டணுமா?' என்று நம்மவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால், ரோடு உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறதே தவிர, உங்கள் பத்திரத்தில் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டுப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. ட்யூப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எங்கிருந்தோ காரில் வருகிறவர் உங்கள் வாசலில் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போய்விடுவார். சாயங்காலம் அவர் வந்து எடுக்கிற வரை உங்கள் வாசல் அவருக்குச் சொந்தம். இதற்கு வெளி லண்டன் கவுன்சில்கள் ஒரு அருமையான வைத்தியம் கண்டுபிடித்தன. கட்டுப்பாடு நாள் முழுக்க வேண்டாம், மத்தியானம் ஒரே ஒரு மணி நேரம் போதும். ரயிலில் போனவர் அந்த ஒரு மணி நேரத்துக்காகத் திரும்பி வந்து காரை எடுக்க முடியாதே! மிச்ச நேரத்தில் தெரு எல்லாருக்கும் பொது. இவ்வளவு குறைந்த மருந்தில் இவ்வளவு பெரிய நோய் குணமாவதை நான் நிர்வாகத்தில் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, என் வழக்கு கட்டுப்பாட்டின் மீது இல்லை. அதை எதற்காகக் கொண்டுவருகிறார்கள், எப்படிக் கேட்டுக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான்.

எதற்காக என்ற கேள்விக்கு பார்னெட் கவுன்சிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. வடக்கு லண்டன். ஃபின்ச்லி உள்ளே வருகிறது. மார்கரெட் தாட்சர் 1959 முதல் 1992 வரை எம்.பி.யாக இருந்த அதே ஃபின்ச்லி. சிக்கனத்துக்கும் கறாருக்கும் பேர் போன மண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2011-ல் இந்த கவுன்சில் குடியிருப்பாளர் பெர்மிட் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக ஏற்றியது. விருந்தாளி வவுச்சர் 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டு. சதவிகிதம் போட்டுப் பாருங்கள். முதலாவது 150. இரண்டாவது 300.

பெர்மிட்டைவிட எனக்கு அந்த வவுச்சர்தான் உறுத்துகிறது. கார் வைத்திருப்பவர் வருடத்துக்கு 60 பவுண்டு கூடுதலாகக் கொடுப்பது எரிச்சல். அவ்வளவுதான். வவுச்சர் வாங்குவது யார்? காரே இல்லாத எழுபத்தெட்டு வயதுப் பாட்டியும் வாங்க வேண்டும். அவரைப் பார்க்க மகள் வருவாள், குளிப்பாட்டிவிட ஒருத்தர் வருவார், குழாய் ரிப்பேருக்கு ஒருவர் வருவார். கட்டுப்பாட்டு நேரத்தில் வருகிற ஒவ்வொரு தலைக்கும் 4 பவுண்டு. வாரத்துக்கு மூன்று பேர் வந்தால் வருடத்துக்கு 600 பவுண்டைத் தாண்டுகிறது. காரே இல்லாதவர், கார் வைத்திருப்பவரைவிட ஆறு மடங்கு கட்டுகிற விசித்திரம்! தனிமையில் இருப்பவரைப் பார்க்க வருவதற்கு டிக்கெட் போட்ட மாதிரி. கணக்குப் போட்ட அதிகாரி இந்தப் பாட்டியை மனதில் வைத்துப் போட்டிருக்க மாட்டார். அவர் போட்டது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கு என்னவென்று கோர்ட்டில்தான் வெளியே வந்தது. டேவிட் ஆட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர், தொழிலால் வழக்கறிஞர், அக்கம்பக்கத்தாரின் ஆதரவோடு கவுன்சில் மேல் வழக்குப் போட்டார். அவர் வாதம் எளிமையானது. சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், 1984 என்று ஒன்று இருக்கிறது. கவுன்சிலுக்குக் கட்டணம் வாங்கும் அதிகாரமே அதிலிருந்துதான் வருகிறது. அந்தச் சட்டத்தின் நோக்கம், வாகனங்கள் பத்திரமாகவும் தடையில்லாமலும் போக வேண்டும், நிறுத்துவதற்குப் போதிய இடம் இருக்க வேண்டும் என்பது. கஜானாவை நிரப்புவது அதன் நோக்கத்தில் எங்கேயும் இல்லை.

கவுன்சிலின் பதிலும் லேசானதல்ல. பார்க்கிங் வருமானத்துக்கு அந்தச் சட்டமே தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறது. செலவு போக உபரி இருந்தால், சாலைப் பணி, பொதுப் போக்குவரத்து போன்றவற்றுக்குச் செலவழிக்கலாம் என்றும் சொல்கிறது. 'உபரியை எப்படிச் செலவழிக்கலாம்னு சட்டம் சொல்லுதுன்னா, உபரி வர்ற மாதிரி கட்டணம் வைக்கலாம்னுதானே அர்த்தம்?'

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம் பாயசம். உபரி வருவது வேறு. உபரிக்காகவே விலை வைப்பது வேறு. நல்லெண்ணத்தோடு நடத்தும் ஆபீஸ் கேன்டீனில் மாசக் கடைசியில் 200 ரூபாய் மிஞ்சினால் தப்பில்லை. அதில் பாத்திரம் வாங்கலாம். ஆனால், பாத்திரக் கடைக்காரனுக்கு எவ்வளவு பாக்கி என்று முதலில் பார்த்து, அதை இட்லி எண்ணிக்கையால் வகுத்து, இட்லி விலையை நிர்ணயம் செய்தால் அதற்குப் பெயர் கேன்டீன் இல்லை.

2013 ஜூலை 22-ம் தேதி நீதிபதி லேங் தீர்ப்புச் சொன்னார். இந்தச் சட்டம் வரி வசூலிக்கும் சட்டம் அல்ல. போக்குவரத்து சம்பந்தப்பட்ட மற்ற செலவுகளுக்கு உபரி திரட்டும் நோக்கத்தோடு குடியிருப்பாளர்களிடம் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது. கவுன்சிலுக்குத் தோல்வி. நூறு பவுண்டு விஷயத்துக்கு ஒரு மனிதர் ஹைகோர்ட் வரை போய் ஜெயித்தது, இங்கிலாந்தின் மற்ற கவுன்சில்களையெல்லாம் தங்கள் தனிக் கணக்கை எடுத்துத் திரும்பிப் பார்க்கவைத்தது.

இடையில் ஒரு கிளைக்கதை. அந்த நாட்களில் பார்னெட்டில் பார்க்கிங் கொள்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரையன் கோல்மன் என்ற கவுன்சிலர். கடைக்காரர்களுக்கு அவர் மேல் கடுங்கோபம். 2012 மே மாதம் லண்டன் அசெம்பிளி தேர்தலில் மண்ணைக் கவ்வினார். அதே வருடம் செப்டம்பரில் ஐயா தன் காரைச் சரக்கு இறக்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் காபி கடை நடத்தும் பெண் ஒருவர், பார்க்கிங் கட்டணத்துக்கு எதிராகப் போராடியவர், அதை போனில் படம் பிடித்துவிட்டார். போனைப் பிடுங்கப் போய் கைகலப்பு. 2013-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் கோல்மன். சினிமாவில் இப்படி ஒரு சீன் வைத்தால், 'ரொம்ப ஓவர் சார்' என்று தயாரிப்பாளரே வெட்டிவிடுவார்.

சரி, தீர்ப்புக்கு வருவோம். எல்லாரும் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. தொகை தப்பு என்று கோர்ட் சொல்லவில்லை, நோக்கம் தப்பு என்றது. எங்களுக்கு அக்கவுன்டன்ஸி பேப்பரில் ஜர்னல் என்ட்ரி போட்டால், கீழே அடைப்புக்குறிக்குள் 'பீயிங்...' என்று ஆரம்பித்து ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அரை மார்க் போச்சு. பார்னெட்டுக்குப் போனது அந்த அரை மார்க்தான். அதே 100 பவுண்டைப் போட்டுவிட்டு, 'பீயிங், காற்று மாசைக் குறைக்க' என்று விளக்கம் எழுதியிருந்தால்? இன்றைக்கு லண்டனில் பல கவுன்சில்கள் கார் விடும் புகையின் அளவுக்கு ஏற்ப பெர்மிட் கட்டணம் வைக்கின்றன. அதில் நிஜமாகவே புகையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் எழுதக் கற்றுக்கொண்டவர்களும் இருக்கலாம். கட்டணச் சீட்டைப் பார்த்து யார் எது என்று பிரிக்க முடியாது.

வரியா, கட்டணமா என்ற இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. சொல்லப்போனால் மெட்ராஸ் சரக்கு. 1951-ல் மெட்ராஸ் மாகாண அரசு ஒரு இந்து அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. கோயில்களும் மடங்களும் வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கட்ட வேண்டும், அரசு செய்யும் மேற்பார்வைச் சேவைக்காக. உடுப்பி சிரூர் மடம் எதிர்த்து வழக்காடியது. (அப்போது தென் கன்னடம் மெட்ராஸ் மாகாணத்துக்குள் இருந்தது.) 1954-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னவென்றால், கட்டணம் என்றால் வாங்கும் காசுக்கும் கொடுக்கும் சேவைக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும். வசூலித்ததை அரசின் பொதுக் கஜானாவில் கொட்டிவிட்டு, 'சேவைக் கட்டணம்' என்று பெயர் வைக்க முடியாது. அது வரி. அதை விதிக்க மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை. பின்னால் வந்த தீர்ப்புகளில் இந்தக் கறார் கொஞ்சம் தளர்ந்தது வேறு கதை. ஆனால், பார்னெட் பாட்டிக்கு 2013-ல் கிடைத்த நியாயத்தின் தாத்தா, 1954-ல் நம் ஊர் மடத்து வழக்கில் இருக்கிறார்.

இனி, 'எப்படிக் கேட்கிறார்கள்' என்ற கேள்வி.

இங்கிலாந்துச் சட்டப்படி இரண்டு விதமான கேட்பு உண்டு. ஜனங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கவுன்சில்கள் அந்தக் குழப்பத்தைப் பெரிதாகத் தெளிவுபடுத்துவதும் இல்லை. தோழன் அனுப்பினானே, அந்தக் கேள்விப் படிவம், அது கவுன்சில் தானாக நடத்துவது. சட்டம் கட்டாயமாகச் சொல்வது வேறு. 1996-ம் வருட நடைமுறை விதிகளின்படி, கவுன்சில் தன் உத்தேச உத்தரவை உள்ளூர்ப் பத்திரிகையில் நோட்டீஸாக வெளியிட வேண்டும். குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். யாரும் எழுத்து மூலம் ஆட்சேபனை சொல்லலாம், காரணத்தோடு. உத்தரவு போடுவதற்கு முன் அந்த ஆட்சேபனைகளைப் பரிசீலிக்க வேண்டும். உத்தரவு வந்துவிட்டால் ஆறு வாரத்துக்குள் ஹைகோர்ட்டுக்குப் போகலாம், அதுவும் சட்ட மீறல் இருந்தால் மட்டும்.

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஆனால், நடைமுறையில் என்ன ஆகிறது? படிவம் வந்தபோது ஜனங்கள் சுறுசுறுப்பாக டிக் அடித்து அனுப்புகிறார்கள். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, யாரும் படிக்காத உள்ளூர்ப் பத்திரிகையில், பொடி எழுத்தில், விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள், நிஜமான நோட்டீஸ் வருகிறது. சட்டப்படி எடை உள்ள வாய்ப்பு அதுதான். அப்போது எழுதுகிறவர்கள் சொற்பம். எழுதுகிறவர்களிலும் பலர், 'எனக்கு இஷ்டமில்லை' என்று ஒரு வரி. காரணம் இல்லாத ஆட்சேபனையை, 'பரிசீலிக்கப்பட்டது' என்ற ஒரு வார்த்தையில் கடந்துவிடலாம். அதோடு இன்னொன்று. அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் வரைபடம் தயார், மஞ்சள் கோடு போடும் கான்ட்ராக்ட் தயார். மாற்றுவதற்கு மனசு யாருக்கு வரும்?

கேட்பது என்றால் என்ன என்று அந்த நாட்டுக் கோர்ட்டுகள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கின்றன. 1985-ல் ப்ரென்ட் கவுன்சில் பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் எடுத்த முடிவை எதிர்த்த கன்னிங் வழக்கில், ஸ்டீபன் ஸெட்லி என்ற வழக்கறிஞர் (பின்னாளில் நீதிபதியானவர்) நாலு நிபந்தனை வைத்தார். யோசனை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குத் தகவல் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு எடைபோட வேண்டும். கோர்ட் ஏற்றுக்கொண்டது. 2014-ல் ஹாரிங்கே கவுன்சில் சம்பந்தப்பட்ட மோஸ்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதற்கு முத்திரை குத்தியது. அந்த வழக்கில் ஒரு படி மேலே போனார்கள். நீங்கள் நிராகரித்த மாற்று வழிகள் என்ன, ஏன் நிராகரித்தீர்கள் என்பதையும் ஜனங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். வேறு வழியே இல்லாதது போலக் காட்டிக் கேட்பது, கேட்பதாகாது. பார்க்கிங்குக்கே நேரடி முன்னுதாரணம் 1995-ல் வந்த கேம்டன் வழக்கு. ப்ரிம்ரோஸ் ஹில் பகுதியின் பார்க்கிங் உத்தரவையே ஹைகோர்ட் ரத்து செய்தது. ஒழுங்காக ஆலோசனை கேட்கவில்லை என்பது அதில் முக்கியக் காரணம்.

இந்த நாலு நிபந்தனையில் கவுன்சில்கள் சுலபமாகப் பாஸ் பண்ணுவது மூன்றாவது. 21 நாளோ 28 நாளோ கொடுத்துவிடலாம். காலண்டரைக் காட்டினால் போதும். அடிக்கடி தட்டுத் தடுமாறுவது இரண்டாவதில். என் தோழனின் படிவத்தில் அடுத்த தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்கிங்கின் சூட்சுமமே அடுத்த தெருவில்தான் இருக்கிறது. ஒரு தெருவில் பெர்மிட் வந்தால், அங்கே நின்ற வெளியூர் கார் ஆவியாகிவிடுவதில்லை. பக்கத்துத் தெருவுக்கு நகர்கிறது. அதனால், முதல் சுற்றில் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்ட தெரு, அண்டைத் தெருவுக்குப் பெர்மிட் வந்த ஆறாவது மாதம் கவுன்சிலிடம் ஓடிப்போய், 'எங்களுக்கும் போடுங்க' என்று கெஞ்சும். பிறகு அதற்கு அடுத்த தெரு. கவுன்சில் தெருத் தெருவாகக் கேட்டது, தெருத் தெருவாகச் சம்மதம் வாங்கியது. எல்லாம் ஜனநாயகம். ஆனால் மொத்தப் பேட்டையையும் உட்காரவைத்து, 'இதைத் தொட்டால் இங்கே வரை வரும், சம்மதமா?' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரியாமல் செய்கிறார்களா, தெரிந்தே செய்கிறார்களா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். வரைபடத்தைப் பார்த்தால் கவுன்சில் போக்குவரத்து இன்ஜினீயருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

ஜனங்கள் பக்கமும் கொஞ்சம் திரும்புவோம். 'எங்களைக் கேட்கலை, எங்களைக் கேட்கலை' என்று குரல் கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் கார்க்காரர்கள். லண்டனில் நூற்றுக்கு 40 வீடுகளுக்கு மேல் காரே கிடையாது. அவர்களுக்கும் அதே படிவம் வருகிறது. குப்பைக்குப் போகிறது. கார் இல்லாதவனுக்குப் பார்க்கிங் படிவம் எதற்கு? ஆனால், அவருடைய நடைபாதையில் ஏறி நிற்பதும் கார்தான். அவருடைய பஸ் நகராமல் நிற்பதும் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கும் காரால்தான். ஆக, வந்த பதில்களை எண்ணி, 'நூற்றுக்கு அறுபது பேர் எதிர்ப்பு' என்றால், அந்தத் தெருவில் அறுபது சதவிகிதம் எதிர்ப்பு என்று அர்த்தமில்லை. படிவத்தை நிரப்பியவர்களில் அறுபது சதவிகிதம். கருத்துக்கேட்பை வாக்கெடுப்பாக நினைக்கிற இந்தத் தப்பை கவுன்சில்களும் செய்கின்றன, சங்கங்களும் செய்கின்றன. ஜெயிக்கும்போது வாக்கெடுப்பு என்பார்கள். தோற்றால், 'இது வெறும் கருத்துக்கேட்புதானே!'

சம்மதம் வாங்குவதற்கு நேர்மையான வழி இல்லையா என்றால், இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பாஸடீனா என்ற ஊர். அதன் பழைய கடைவீதி சீரழிந்து கிடந்தது. 1993-ல் அங்கே மீட்டர் வைக்க நகராட்சி நினைத்தபோது கடைக்காரர்கள் கொதித்தார்கள். பேரம் நடந்தது. மீட்டரில் விழும் காசு நகராட்சியின் பொதுக் கணக்குக்குப் போகாது, இதே வீதிக்குத்தான் செலவாகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். நடைபாதை, விளக்கு, மரம், துப்புரவு. எதிர்த்த கடைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள், மீட்டரும் வந்தது, வீதியும் பிழைத்தது. இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் டொனால்ட் ஷூப். பார்க்கிங்குக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட பேராசிரியர். இலவச பார்க்கிங் எவ்வளவு காஸ்ட்லி என்று 2005-ல் தலையணை சைஸில் ஒரு புத்தகம் போட்டார். 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் கட்சி, கட்டணம் வேண்டும் என்பது. சொல்லப்போனால் அதிகக் கட்டணம். ஆனால், வாங்கிய காசு எங்கே போகிறது என்று கட்டியவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்னெட் தோற்றதும், பாஸடீனா ஜெயித்ததும் இந்த ஒரே இடத்தில்தான். பார்னெட்காரர்களுக்கு அந்தக் கூடுதல் 60 பவுண்டு தங்கள் தெருவுக்கு என்ன செய்தது என்று யாரும் காட்டவில்லை.

'அதெல்லாம் லண்டன், அமெரிக்கா சார். நம்ம கதைக்கு வாங்க' என்கிறீர்களா? வருகிறேன்.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 117-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வாகனங்கள் எங்கே நிற்கலாம் என்பதை மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ தீர்மானிக்கலாம். எப்படி? அந்த இடத்து உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து. அவ்வளவுதான். பேப்பரில் நோட்டீஸ், 21 நாள், எழுத்துபூர்வ ஆட்சேபனை என்று அந்தப் பிரிவில் எதுவும் கிடையாது. தெருக்காரர் என்றொரு பிராணியே அந்தப் பிரிவில் இல்லை. உள்ளாட்சியைக் கேட்டால் தெருவைக் கேட்ட மாதிரி என்பது சட்டத்தின் நம்பிக்கை. நம்முடைய கவுன்சிலர் நமக்காகப் பேசுவார் என்று.

நல்ல நம்பிக்கைதான். ஆனால், சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாக, ஓட்டு வாங்கிய கவுன்சிலர் ஒருவர்கூட ரிப்பன் மாளிகையில் இல்லை. கமிஷனரே தனி அலுவலர். பாண்டி பஜாரின் தியாகராய சாலை நடைபாதை வளாகமாக மாறித் திறக்கப்பட்டது 2019 நவம்பரில், அதாவது அந்தக் காலத்தில்தான். வளாகம் நல்ல விஷயம். நானே ரசித்து நடந்திருக்கிறேன். ஆனால் ஒரு பெரிய சாலையில் வண்டி நிற்கும் இடத்தைச் சுருக்கினால், வண்டி எங்கே போகும் என்று தி.நகர் குறுக்குத் தெருக்காரர்களிடம் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள். அந்த நாட்களில் 117-வது பிரிவின்படி உள்ளாட்சியைக் கலந்தாலோசிப்பது என்றால், ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு ஃபைல் அனுப்புவது. அவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டால் மொத்த வார்டும் சம்மதித்ததாக அர்த்தம்.

இப்போது மன்றம் இருக்கிறது. 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தன்று ஏரியா சபைக் கூட்டங்களும் நகரங்களில் ஆரம்பித்தன. முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினே பம்மலில் ஒரு கூட்டத்துக்குப் போனார். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. ஏற்பாடு அருமை. ஆனால், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை வரைக்கும் மளமளவென்று போகிற பேச்சு, பார்க்கிங் என்றதும் நின்றுவிடும். "அது டிராஃபிக் போலீஸ்ங்க, நம்ம கையில இல்லை." போலீஸிடம் போனால், "கட்டணம், கான்ட்ராக்ட் எல்லாம் கார்ப்பரேஷன் சார்." இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி உண்மை. அதுதான் வேதனை. லண்டன்காரனுக்குச் சண்டை போட ஒரு கவுன்சிலாவது இருக்கிறது. தோற்கடிக்க ஒரு கோல்மன் இருக்கிறார். நமக்கு யார் மேல் கோபப்படுவது என்பதே கருத்துக்கேட்பு நடத்தித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

அதனால்தான் சென்னை தன் பாணியில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வீடும் ஒரு கவுன்சில். கேட்டுக்கு முன்னால் ஒரு கருங்கல், ஒரு சிமென்ட் பூந்தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் சேர். வெளியூர்க்காரருக்கு இது அடாவடி. உள்ளே இருப்பவருக்கு, ஆம்புலன்ஸ் வந்தால் நிற்க இடம் வேண்டுமே என்ற பயம். இரண்டும் நிஜம். கேட்டில் ஒரு போர்டும் தொங்கும். சட்டப்படி அந்தப் போர்டுக்கு ஒரு நயா பைசா மதிப்பு கிடையாது. ஆனால், மேற்கு மாம்பலத்தில் நான் பார்த்த ஒன்றில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. 'நோ பார்க்கிங்' என்ற உத்தரவு. 'மீறினால் டயரில் காற்று பிடுங்கப்படும்' என்ற தண்டனை. 24 மணி நேரம் என்று நேரம்கூட. ஆட்சேபனையை எங்கே தெரிவிப்பது என்று தேடினேன். கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. போர்டை ஸ்பான்ஸர் செய்த ட்யூஷன் சென்டருடையது.